வெண்கட்டி வரைபடமும் கைத்தொழிற் கனவும்

பட்டிப்பளையாற்று நீரை நம்பி வாழும் கரையோர மக்களுள் எவரும் மட்டம் பாராது வாய்க்கால் வெட்டுவதில்லை. ஆலையடிவேம்பிலாயினும் அக்கரைப்பற்றிலாயினும் நிந்தவூரிலாயினும் வயல் செய்வோன் முதலில் நிலத்தைப் பார்க்கின்றான். மடை எங்கே அமைய வேண்டும், வடிச்சல் எப்பக்கம் செல்ல வேண்டும், மேட்டுக் காணிக்கு நீர் ஏறுமா, தாழ்ந்த காணி மூழ்குமா என்பவற்றை ஆராய்கின்றான். வட்டவிதானையாரின் சொல்லைக் கேட்கின்றான். அதன் பின்னரே மண்வெட்டி மண்ணிற் படுகின்றது. வெட்டிய வாய்க்காலைத் தூர்த்து வேறொன்று வெட்டுவது எத்துணை வீண் உழைப்பு என்பதை அவனுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அவன் முதுகே அதனை அறியும்.

ஆயின், கோடிக்கணக்கான ரூபாவைக் கொட்டி எழுப்பப்படும் பெருந்தொழிற்சாலைகளிலே இவ்வெளிய அறிவு கைவிடப்படுகின்றது. அங்கே வாய்க்காலின் இடத்தை உருக்குக் குழாய்கள் பெறுகின்றன. நீராவி, சுடுநீர், எண்ணெய், அமிலம், காற்று, கழிவு ஆகிய அனைத்தும் அவற்றினூடாகவே ஓடுகின்றன. கொதிகலனும் பம்பியும் கோபுரமும் தொழிற்சாலையின் உறுப்புகள் எனின், குழாய்த்தொகுதி அதன் குருதிநாளமாகும். அத்தகைய குழாய்த்தொகுதியின் வடிவமைப்பு முற்றுப்பெறுமுன்னரே குழாய் வெட்டப்படுகின்றது, பற்றவைக்கப்படுகின்றது, பின்னர் தூணொன்று குறுக்கே நிற்பது கண்டு மீண்டும் அறுக்கப்படுகின்றது. இவ்வாறு ஒரே வேலையை இருமுறை செய்துவிட்டு, வேலை விரைவாக நடக்கிறது என்று மார்தட்டிக்கொள்ளும் அவலம் உலகெங்கும் உண்டு. இது வினைத்திறனன்று, வினைத்திறன் என்னும் போர்வையைப் போர்த்திய ஊதாரித்தனமேயாகும்.

இது கலைப்பீடத்தார் பேசும் பொருளன்று என்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். குழாயைப் பொறியியலாளர் பார்த்துக்கொள்வர், கலைமாணவர் காப்பியத்தைப் பார்த்துக்கொள்ளட்டும் என்பது அவர்தம் வாதம். ஆனால், தொழிற்சாலையின் கடனை அடைப்பவர் மக்கள். அது வெடித்தால் மடிபவர் மக்கள். அது மூடப்பட்டால் வேலையிழப்பவரும் மக்களே. மக்களின் பணத்தையும் உயிரையும் பிழைப்பையும் தொடும் எதுவும் ஒரு துறையாரின் தனியுடைமையாதல் இல்லை. மேலும், இக்குறைபாட்டின் வேர் கணிதத்தில் இல்லை. அது மனப்பாங்கிலும் நிருவாகத்திலும் மொழியிலும் ஊன்றியிருக்கின்றது. அவை மூன்றும் கலைப்பீடத்தாருக்கு அந்நியமானவையல்ல.

வினைத்திறன் என்பதன் பொருள் யாது என்பதே முதற்கேள்வி. நிருவாகிகள் பலர் அதனை மணித்தியாலக் கணக்காகவே கொள்கின்றனர். படவரைஞர் ஒருவர் நாளொன்றுக்கு எத்தனை படங்களை வரைந்து தள்ளுகிறார் என்பதே அவர்களது அளவுகோல். ஒரு தொழிற்சாலையின் முழுச் செலவோடு ஒப்பிடின் வடிவமைப்புக்குச் செல்லும் பங்கு சிறிதே. எனினும் செலவைக் குறைக்க முனைவோர் கண்ணில் முதலில் படுவது அச்சிறு பங்குதான். உருக்கின் விலையைக் குறைக்க முடியாது, கப்பற் கூலியைக் குறைக்க முடியாது. வரைவோரின் நாட்களைக் குறைக்கலாம். விளைவாக, வரைவுக்கூடத்தில் ஒரு மணித்தியாலத்தில் அழிப்பான் கொண்டு திருத்தப்பட்டிருக்க வேண்டிய பிழை, கட்டுமானத் தளத்தில் வெட்டுந்தீயும் பாரந்தூக்கியும் பத்துப் பேரின் வேர்வையும் கொண்டு திருத்தப்படுகின்றது. காகிதத்தில் மிச்சம் பிடித்தவர் உருக்கில் இழக்கின்றார்.

சில எளிய கணக்குகள் இதனைத் தெளிவாக்கும். ஒரு குழாயினூடாகக் குறித்த அளவு நீர் பாயும்போது உராய்வினால் ஏற்படும் அமுக்க இழப்பு, ஏறக்குறைய விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு நேர்மாறாக மாறுகின்றது. எனவே, 150 மில்லிமீற்றர் விட்டமுள்ள குழாய் வேண்டிய இடத்தில் மலிவு கருதி 100 மில்லிமீற்றர்க் குழாயை இட்டால், இழப்பு ஏழு மடங்குக்கு மேல் உயர்கின்றது. அந்த ஏழு மடங்கையும் பம்பி ஈடுசெய்தல் வேண்டும். பம்பியின் மின்கட்டணத்தைத் தொழிற்சாலை ஆயுள் முழுவதும் செலுத்துதல் வேண்டும். குழாய் வாங்கிய அன்று கிடைத்த இலாபத்தை மின்பட்டியல் மாதந்தோறும் பறித்துக்கொள்கின்றது. மறுபுறம், வேண்டாத இடத்திற் பெருங்குழாய் இடுவதும் உருக்கையும் தாங்கிகளையும் வீணாக்குவதே. எது போதும், எது மிகை என்று முடிவு செய்யும் இடம் வரைவுமேசையன்றிப் பிறிதில்லை.

வெப்பத்தின் விளையாட்டும் இத்தகையதே. கரியுருக்குக் குழாயொன்றின் வெப்பநிலை 100 பாகை செல்சியஸ் உயருமாயின், அது மீற்றருக்கு ஏறக்குறைய 1.2 மில்லிமீற்றர் நீளும். 50 மீற்றர் நீளமான நீராவிக் குழாயொன்று 30 பாகையிலிருந்து 230 பாகைக்குச் சூடேறும்போது 120 மில்லிமீற்றர், அதாவது ஏறக்குறைய அரைச் சாண், நீள முற்படுகின்றது. அந்நீட்சிக்கு வளைவு கொடுத்து இடமளிக்காவிடில், குழாய் தன்னைத் தாங்கும் தூணைத் தள்ளும், பம்பியின் வாயைத் திருகும், இணைப்பைப் பிளக்கும். உருக்கு எவருடைய அவசரத்துக்கும் இரங்குவதில்லை. திட்டமிட்ட திறப்பு விழா நாளை அமைச்சர் அறிவித்துவிட்டார் என்பதற்காக அது நீளாது நின்றுவிடுவதில்லை.

அவசரத்தின் விலை யாது என்பதற்கு இங்கிலாந்தின் பிளிக்ஸ்பரோ என்னும் ஊர் சான்று பகர்கின்றது. நைலோன் செய்வதற்கான மூலப்பொருளை உற்பத்தி செய்த இரசாயனத் தொழிற்சாலை அங்கே இருந்தது. ஆறு தாக்கக் கலங்கள் ஒன்றினும் மற்றொன்று சற்றுத் தாழ வரிசையாக நின்றன. 1974 மார்ச் இறுதியில் ஐந்தாவது கலத்தில் வெடிப்பு ஒன்று காணப்பட்டது. உற்பத்தி நிற்றலாகாது என்னும் துடிப்பில் அக்கலத்தை அகற்றி, நான்காவதையும் ஆறாவதையும் 20 அங்குலத் தற்காலிகக் குழாயொன்றினால் இணைத்தனர். கலங்களின் வாய்களோ 28 அங்குல விட்டத்தவை. உயர வேறுபாட்டினால் குழாய் வளைந்து செல்ல வேண்டியதாயிற்று. இரு முனைகளிலும் துருத்தி போன்ற நெகிழ்விணைப்புகள் இருந்தன. இக்குழாய்க்கு முறையான வரைபடம் இல்லை. பட்டறைத் தரையில் வெண்கட்டியால் கீறப்பட்ட கோடே அதன் வரைபடம். வளைந்த குழாயில் அமுக்கம் எத்தகைய திருகுவிசையை உண்டாக்கும் என்று எவரும் கணித்திலர். தொழிற்சாலைப் பொறியியலாளரின் பதவி அக்காலத்தில் வெறுமையாயிருந்தது. கட்டுமானச் சாரக் கம்புகளே அக்குழாயைத் தாங்கி நின்றன.

அது இரண்டு மாதங்கள் தாங்கிற்று. 1974 ஜூன் 1ஆம் திகதி, சனிக்கிழமை மாலை, அது முறிந்தது. வெளிப்பட்ட ஆவிமுகில் தீப்பற்றி வெடித்ததில் 28 பேர் மாண்டனர். வேலைநாளொன்றில் நிகழ்ந்திருப்பின் மாண்டோர் தொகை பன்மடங்காகியிருக்கும். ஈண்டுக் கருத வேண்டியது ஒன்றுண்டு. அக்குழாயைச் செய்தவர்கள் சோம்பேறிகளல்லர். அவர்கள் விரைந்து உழைத்தனர். சில நாட்களிலேயே தொழிற்சாலையை மீண்டும் இயக்கினர். மணித்தியாலக் கணக்கை மட்டும் பார்ப்போரின் அளவுகோலின்படி அது மிகச் சிறந்த வினைத்திறனாகும். அவ்வளவுகோலைக் கண்டிக்க இதனினும் கடுஞ்சொல் வேண்டியதில்லை.

பிளிக்ஸ்பரோ தொலைவிலுள்ளது, இலங்கைக்கு அதனால் என்ன என்று கேட்போர், அம்பாறை மாவட்டத்தின் ஹிங்குராணையைப் பார்த்தல் தகும். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் பயனாகக் கரும்பும் அதனை ஆட்டும் சீனித் தொழிற்சாலையும் அங்கே தோன்றின. சீனித் தொழிற்சாலை என்பது உண்மையில் குழாய்களாலான ஒரு காடு. ஆலையிற் பிழிந்த சாறு சூடாக்கிகளுக்குச் செல்ல வேண்டும். தெளிந்து ஆவியாக்கிகளுக்குச் செல்ல வேண்டும். பாகாகி வெற்றிடக் கலங்களுக்குச் செல்ல வேண்டும். கரும்புச் சக்கையை எரித்துப் பெறும் நீராவி இவையனைத்தையும் இயக்க வேண்டும். இவற்றுள் ஆவியாக்கிகளின் அமைப்பு மனித அறிவின் அழகிய படைப்புகளுள் ஒன்று. நியூ ஓர்லீன்ஸ் நகரிலே ஆபிரிக்க வழித் தாயொருத்திக்குப் பிறந்த நோபேட் ரில்லியூ 1843இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். முதற்கலத்தில் சாறிலிருந்து எழும் ஆவியை வீணே வெளியேற்றாது, அதனைக் கொண்டே அமுக்கம் குறைந்த இரண்டாங் கலத்தைக் கொதிக்கச் செய்யலாம் என்று அவர் கண்டார். இரண்டாவதன் ஆவி மூன்றாவதைக் கொதிக்கச் செய்யும். ஒரு கிலோகிராம் நீராவி தனிக்கலத்தில் ஏறக்குறைய ஒரு கிலோகிராம் நீரையே ஆவியாக்கும். நான்கு கலங்கள் தொடராக நின்றால் கோட்பாட்டளவில் நான்கு கிலோகிராமை அணுகும்.

இவ்வமைப்பின் உயிர்நிலை கலங்களில் மட்டுமன்று, அவற்றை இணைக்கும் குழாய்களிலும் உள்ளது. ஆவிக்குழாய் ஒடுங்கியிருப்பின் அமுக்கம் வழியிலே இழக்கப்படும். அடுத்த கலம் கொதிப்பதற்கு வேண்டிய வெப்பநிலை வேறுபாடு குறையும். ஒடுங்கிய நீர் வடிந்து செல்ல வழியின்றேல் வெப்பம் கடக்கும் பரப்பு நீரில் மூழ்கும். வெப்பக் காவலில்லாத குழாய் வெளியைச் சூடாக்கும். இவற்றால் நீராவி மிகுதியாகச் செலவாகும். சக்கை போதாமற் போகும். சக்கை போதாவிடத்து விறகோ எண்ணெயோ வாங்க வேண்டும். வாங்கும் பணம் கரும்பு விளைவித்தோனுக்குச் சேர வேண்டிய பணமாகும். வரைபடத்திலே ஒரு கோடு தவறினால் அதன் தண்டனையை வயலிலே நிற்பவன் அனுபவிக்கின்றான் என்பது இதன் பொருள்.

ஹிங்குராணைத் தொழிற்சாலை தொண்ணூறுகளில் மூடப்பட்டுப் பல்லாண்டு துருவேறிக் கிடந்து, 2010களின் தொடக்கத்திலேதான் மீண்டும் இயங்கலாயிற்று. கந்தளாய்ச் சீனித் தொழிற்சாலை மூடியது மூடியதே. இவற்றின் வீழ்ச்சிக்குக் குழாய்களே காரணம் என்பது உண்மைக்கு மாறாகும். அரசின் கொள்கை மாற்றங்கள், இறக்குமதிச் சீனியின் விலை, உடைமை மாற்றம், போர் ஆகிய பலவும் அதிற் பங்குகொண்டன. ஆயினும் ஒரு கேள்வியைத் தவிர்க்க முடியாது. கால் நூற்றாண்டுக்கு மேல் ஒரு தொழிற்சாலையை இயக்கிய நாடு, அதைப் போன்ற இன்னொன்றைத் தானே வரைந்து கட்டும் ஆற்றலை ஏன் பெறவில்லை?

விடையை நாடுவோர் பாக்கு நீரிணையின் மறுகரையை நோக்குதல் நன்று. கந்தளாய்த் தொழிற்சாலை செக்கோஸ்லோவாக்கியாவின் உதவியோடு 1960 அளவில் எழுந்தது. அதே செக்கோஸ்லோவாக்கியாவின் ஒத்துழைப்போடு 1965இல் திருச்சிராப்பள்ளியில் உயரமுக்கக் கொதிகலன் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. உதவிய நாடு ஒன்றே. ஆனால் பெற்றுக்கொண்டவை வேறு. கந்தளாய் இயந்திரத்தைப் பெற்றது. திருச்சி இயந்திரத்தோடு அதனை வரையும் வித்தையையும் பெற்றது. 1975இல் பற்றவைப்புக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிறுவனம் திருச்சியில் நிறுவப்பட்டது. காலப்போக்கில் அந்நகரைச் சூழக் குழாயும் கலமும் சமைக்கும் சிறு பட்டறைகள் பெருகின. இந்தியா பெருநாடு, அதன் சந்தை பெரிது, அதனோடு இலங்கையை ஒப்பிடல் தகாது என்று சொல்வர். சந்தை சிறிதாயின் கொதிகலன் செய்யும் பெருந்தொழிற்சாலை தேவையில்லை என்பது ஏற்கத்தக்கதே. ஆனால், தன் மண்ணில் நிற்கும் குழாயின் வரைபடத்தை வாசித்துத் திருத்தும் ஆற்றல் தேவையில்லை என்பது அதனாற் பெறப்படாது. சிறிய நாட்டுக்கே அது அதிகம் தேவை. பெருநாடு ஒரு பிழையைத் தாங்கும், சிறுநாடு தாங்காது.

சப்புகஸ்கந்தை எண்ணெய் சுத்திகரிப்பு நிலையம் இதற்கு இன்னொரு பாடம். 1969இல் இயங்கத் தொடங்கிய அந்நிலையம் ஈரானின் மசகு எண்ணெய்க்கென வடிவமைக்கப்பட்டது. எண்ணெயின் தன்மை மாறினால் கோபுரத்தில் பிரியும் பங்குகள் மாறும். பங்குகள் மாறினால் குழாய்களும் பம்பிகளும் வெப்பமாற்றிகளும் ஏற்கும் சுமை மாறும். கந்தகம் மிகுந்தால் அரிப்பும் மிகும். ஆகவே, எண்ணெயை எங்கிருந்து வாங்குவது என்னும் வெளிநாட்டுக் கொள்கை வினாவுக்கும் குழாயின் வரைபடத்துக்கும் தொடர்புண்டு. 2021 நவம்பரில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் எண்ணெய் வாங்க இயலாது அந்நிலையம் தற்காலிகமாக மூடப்பட்டபோது, இத்தொடர்பின் கனம் நாட்டுக்கு உணர்த்தப்பட்டிருக்க வேண்டும். தன் குழாய்களின் இயல்பைத் தானே கணித்தறியும் நாடு, கிடைக்கும் எண்ணெய்க்கேற்பத் தன்னைச் சீரமைக்க முயலலாம். பிறர் வரைந்ததைக் காக்க மட்டுமே தெரிந்த நாடு கைகட்டி நிற்க வேண்டும்.

இனி, எதிர்வாதிகளின் கோட்டைகளை ஒவ்வொன்றாக அணுகலாம். காலமில்லை, வரைபடம் முடியும்வரை காத்திருப்பின் கடனுக்கு வட்டி ஏறும், ஆதலால் வரைவும் கட்டுமானமும் ஒருங்கே நடக்க வேண்டும் என்பது முதலாவது. இதில் ஒரு துளி உண்மை உண்டு. அத்திவாரமும் நிலச்சீர்மையும் குழாய் வரைபடம் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால், எக்கலத்திலிருந்து எக்கலத்துக்கு எப்பொருள் எவ்வமுக்கத்தில் செல்லும், வால்வுகளும் அளவிகளும் எங்கே அமையும் என்பவற்றைக் காட்டும் மூலவரைபடம் உறுதியாகுமுன் குழாயை வெட்டுவது காலத்தை மீதப்படுத்துவதன்று. மூலவரைபடத்தில் ஒரு மாற்றம் நேர்ந்தால், அதிலிருந்து பிறந்த நூற்றுக்கணக்கான உறுப்பு வரைபடங்களும், அவற்றின்படி சமைத்த துண்டுகளும், அவற்றுக்கென நட்ட தாங்கிகளும் மாற வேண்டும். வட்டிக்கு அஞ்சி ஓடுவோர் முதலையே இழக்கின்றனர். ஆழமறிந்து காலை விடு என்பது பாட்டியின் மொழி. தெரிந்து செயல்வகை என்று ஓர் அதிகாரமே வகுத்தவர் வள்ளுவர். இரண்டும் கேள்விப்பத்திரம் எழுதுவோரின் காதில் விழவில்லை போலும்.

கணினி வந்துவிட்டது, சிறந்த மென்பொருளை வாங்கிவிட்டால் எல்லாம் தானே சீராகும் என்பது இரண்டாவது வாதம். தொழிற்சாலையை முப்பரிமாண உருவில் கணினியில் எழுப்பும் முறை 1970களில் கேம்பிரிட்ஜ் நகரின் கணினி வரைவு மையத்தில் வளர்ந்தது. இன்று அது உலகெங்கும் வழக்கிலுள்ளது. அதற்கு முன்னர் பிளாத்திக்குத் துண்டுகளாற் சிறு மாதிரியுருக்கள் செய்து பார்த்தனர். குழாயும் தூணும் ஓரிடத்தில் மோதுவதைக் கணினி நொடியிற் காட்டும் என்பது மறுக்கவியலாத பெரும்பயன். ஆனால் தூணின் சரியான அளவைக் கட்டடப் பிரிவினர் இடாவிடில் கணினி எதனோடு எதனை மோதிப் பார்க்கும்? பம்பி விற்பவர் தம் பம்பியின் வாயளவைத் தாமதித்துத் தந்தால் மென்பொருள் அதனை ஊகித்தறியுமா? திருத்திய படம் ஒருவரிடமும் திருத்தாத படம் மற்றொருவரிடமும் இருப்பின், கணினி பிழையை விரைவாகப் பெருக்குமேயன்றிக் குறைக்காது. கருவி ஒழுங்குக்குத் துணை, ஒழுங்குக்கு மாற்றீடன்று.

மூன்றாவது வாதமே மிகக் கொடியது. வரைவது வெளிநாட்டு ஒப்பந்தகாரரின் வேலை, அவர்கள் கட்டித் திறப்பைக் கையிலே தந்தாற் போதும் என்பது அது. நுரைச்சோலையில் 300 மெகாவாற்று வீதம் மூன்று பிரிவுகளாகச் சீனாவின் உதவியுடன் எழுந்த அனல் மின்நிலையம் முதல், பெருந்திட்டங்கள் பலவும் இவ்வழியிலேயே வந்தன. ஒப்பந்தகாரர் கட்டுவதில் இழிவில்லை. வரைபடத்தை விட்டுவிட்டுத் திறப்பை மட்டும் வாங்குவதே இழிவு. பட்டறையில் நேர்ந்த மாற்றங்கள் யாவும் பதியப்பட்ட இறுதி வரைபடம் கையிலில்லாத தொழிற்சாலையில், பத்தாண்டு கழித்துக் குழாயொன்றை மாற்ற வருபவன் அதனுள்ளே என்ன ஓடுகிறது என்பதைத் தட்டிப் பார்த்து அறிய வேண்டியவனாகின்றான். அவன் கையிலும் ஈற்றில் வெண்கட்டியே எஞ்சுகின்றது.

இவ்விடத்திற்றான் ஆலையடிவேம்பின் கதை உலகக் கதையோடு கலக்கின்றது. 1970களின் எண்ணெய்ச் செழிப்போடு வளைகுடா நாடுகளின் கதவு திறந்தது முதல், கல்முனை தொட்டுப் பொத்துவில் வரையுள்ள ஊர்களிலிருந்து தமிழரும் முஸ்லிம்களுமாக இளைஞர் அங்கே சென்றவண்ணமுள்ளனர். அவருட் குழாய் பொருத்துவோரும் பற்றவைப்போரும் சாரங்கட்டுவோரும் உளர். ஜுபைலிலும் ராஸ் லபானிலும் எழுந்த பெருந்தொழிற்சாலைகளின் உருக்கு இத்தகையோரின் வேர்வையை அறியும். எந்த வால்வு கையெட்டாத உயரத்தில் வைக்கப்பட்டது, எந்த இணைப்பை இறுக்கச் சாவி நுழையவில்லை, எந்தத் துண்டு மூன்று முறை அறுக்கப்பட்டது என்பவை வரைபடம் தீட்டிய அறையினரைவிடப் பொருத்தியவனுக்கே நன்கு தெரியும். ஆனால் அவனை எவரும் கேட்பதில்லை. அங்கே அவன் கடவுச்சீட்டிலக்கம். இங்கே அவன் அனுப்பும் பணம் புள்ளிவிவரம். வீடு கட்டியதும் திருமணம் முடித்ததும் போக, கையிலிருந்த வித்தை முதுமையோடு புதையுண்டு போகின்றது. ஒரு நாடு தன் மக்களின் கைகளை ஏற்றுமதி செய்து, அக்கைகள் கற்றதை இறக்குமதி செய்ய மறந்தால், அதனை என்னென்பது?

கையின் அறிவு தலைக்கு ஏறாமைக்கு மொழியும் காரணமாகும். பொறியியற் பட்டக்கல்வி ஆங்கிலத்தில் நடைபெறுகின்றது, வரைபடங்களும் ஆங்கிலத்தில் உள்ளன, ஒப்பந்தங்களும் அம்மொழியினவே. உலகத் தொழிலில் ஆங்கிலத்தை விலக்குவது மடமை. ஆனால் பொருத்துநனுக்கும் பொறியியலாளனுக்கும் இடையே பாலம் தமிழாகவே அமைதல் கூடும். 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் பிஷ் கிறீன் என்னும் அமெரிக்கர், மேலை மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கினார். பின்னர் அரசகரும மொழித் திணைக்களம் பல துறைகளுக்கும் சொற்றொகுதிகளை வெளியிட்டது. இருந்தும், குழாய் வரைபடத்தின் குறிகளை ஓர் ஊர் இளைஞன் தன் மொழியிற் கற்பதற்கு ஏற்ற கைந்நூல் அவன் கைக்கு எட்டவில்லை. தமிழ்ச் சங்கங்கள் சிலம்பின் சிறப்பைப் பேசுவது நன்று. அதனோடு வால்வுக்கும் அமுக்கத்துக்கும் சொல் தேடுவதும் தமிழ்ப்பணியே. பட்டறையில் வழங்காத கலைச்சொல் அகராதியிலே உறங்கும். பட்டறையில் வழங்கும் சொல்லைக் கல்வியாளர் இகழ்ந்தால் அது வளராது. இரண்டும் சந்திக்க வேண்டும்.

ஆகவே வேண்டுவன யாவை? மூலவரைபடம் உறுதியாகி ஒப்பமிடப்படும்வரை குழாய் சமைக்கும் கட்டளை பிறப்பிக்கப்படலாகாது. பம்பியைச் சூழவும் அளவிகளைச் சூழவும் வரும் அமைப்புகள் ஒவ்வொரு முறையும் புதிதாக வரையப்படாது, சோதித்தறிந்த சில நியம அமைப்புகளாக ஒழுங்குபடுத்தப்பட வேண்டும். குழாயின் வகைகளும் இயன்றவரை சுருக்கப்பட வேண்டும். இயன்ற துண்டுகளை வெயிலிலும் உயரத்திலும் நின்று பற்றவைக்காது, பட்டறை நிழலிற் சமைத்துக் கொண்டுசெல்ல வேண்டும். முப்பரிமாண மாதிரியைப் பரிசீலிக்கும் மேசையிலே பொறியியலாளரோடு, தொழிற்சாலையை இயக்கப் போகிறவரும் பொருத்தப் போகிறவரும் அமர வேண்டும். கட்டியபடியான இறுதி வரைபடங்கள் கையளிக்கப்படும்வரை ஒப்பந்தகாரருக்கு இறுதித் தவணை வழங்கப்படலாகாது. தற்காலிகக் குழாயாயினும் கணிப்பும் கையொப்பமும் இன்றி இணைக்கப்படலாகாது. இவை எவையும் பெருஞ்செல்வம் வேண்டுவனவல்ல. பொறுமையும் கண்டிப்பும் வேண்டுவன.

இக்கரையோரத்துக்கு வாய்ப்புகளும் இல்லாமலில்லை. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் உண்டு. கல்லோயாத் திட்டத்தின் வழிவந்த ஹாடி நிறுவனம் அம்பாறையில் உண்டு. தொழில்நுட்பக் கல்லூரிகள் உண்டு. வளைகுடாவிலிருந்து மீண்டு, கடைத்தெருவில் முச்சக்கரவண்டி ஓட்டும் தேர்ந்த பற்றவைப்போரும் உளர். ஹிங்குராணையின் குழாய்க்காடு ஒரு பேருந்துப் பயணத் தொலைவில் நிற்கின்றது. பீடத்தின் கணிதத்தையும் மீண்டவனின் கைத்திறனையும் ஓரறையில் அமர்த்தி, அவ்வகைத் தொழிற்சாலையொன்றின் ஆவிக்குழாயைத் தமிழில் ஆராயச் செய்தால், அதுவே இந்நாட்டின் வரைவுக்கல்வியில் ஒரு புதிய தொடக்கமாகும். அதற்கு வெளிநாட்டுக் கடன் வேண்டியதில்லை. வெளிநாட்டு நிபுணரும் வேண்டியதில்லை.

மட்டம் பாராது வாய்க்கால் வெட்டியவனை ஊர் நகைக்கும். வரைபடமின்றிக் குழாய் இணைத்தவனுக்கு மட்டும் மாலை சூட்டுவது எந்நீதி? வயலுக்கு ஒரு நியாயமும் தொழிற்சாலைக்கு ஒரு நியாயமுமாக இருத்தல் கூடாது. ஆலையடிவேம்பின் விவசாயி தன் பாட்டனிடம் கற்றதை நாட்டின் திட்டமிடுவோர் இன்னுங் கற்கவில்லையெனின், அவர்கள் ஒரு போகமாயினும் வரம்பிலே வந்து நிற்கட்டும். முதலில் மட்டம், பிறகே மண்வெட்டி.